சிப்பிகள் துளைத்த தூண்கள்

இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, கடலோரத்தில் பொத்சுவோலி என்றோர் ஊர் உண்டு. அங்கே செல்வோர் முதலில் தேடுவது ரோமர் காலத்துப் பேரரங்கத்தையே. பெரியதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் நிலவியல் பயிலும் எனக்கு அவ்வூரின் பெருஞ்செல்வம், துறைமுகத்தருகே நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களே.

1750ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தோண்டியபோது செராப்பிஸ் என்னும் தெய்வத்தின் சிலை கிடைத்தது. கோயில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அது ரோமரின் சந்தை. இறைச்சியும் மீனும் விற்ற இடத்துக்குத் தெய்வத்தின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது!

தூண்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 அடி உயரம். கீழே 12 அடி வரை வழவழப்பான கல். அதற்கு மேல் 9 அடி அளவுக்கு ஒரே துளை மயம். கல்லைக் குடைந்து வாழும் ஒருவகைக் கடற்சிப்பியின் வேலை அது. கடல் நீரில் அன்றி அச்சிப்பி வாழாது. ஆகவே, ஒரு காலத்தில் அந்த உயரம் வரை கடல் நின்றிருக்கிறது. கீழ்ப்பகுதி தப்பியது எப்படி? அது அப்போது மண்ணில் புதைந்திருந்தது.

உயர்ந்தது கடலா, தாழ்ந்தது நிலமா? கடலே அவ்வளவு உயர்ந்திருந்தால் மத்தியதரைக் கடற்கரை முழுவதும் அன்றோ மூழ்கியிருக்க வேண்டும்? 1828இல் இவ்விடத்தைக் கண்ட சார்லஸ் லயல், நிலமே தாழ்ந்து மீண்டும் உயர்ந்தது என்பதற்கு இத்தூண்களைச் சான்றாக்கினார். 1830இல் வெளிவந்த தம் நூலின் முகப்புப் படமாகவும் வைத்தார். தூண்கள் சாயாமல் நிற்பதால், நிலம் மெல்ல மெல்லவே அசைந்திருக்க வேண்டும்.

காரணம் ஊரின் அடியில் இருக்கிறது. எரிமலைப் பெருங்குழி ஒன்றின்மேல்தான் ஊரே அமைந்துள்ளது. ஆழத்தில் கற்குழம்பிலிருந்து வரும் வாயுக்களும் வெந்நீரும் அழுத்தும்போது தரை உப்புகிறது. அழுத்தம் குறைந்தால் தணிகிறது. 1538இல் நிலம் உயர்ந்து, எரிமலை வெடித்து, ஒரே வாரத்தில் புதுக்குன்று ஒன்று எழுந்தது. அருகிலுள்ள பாயாவிலோ, ரோமச் செல்வர்களின் மாளிகைகள் இன்றும் கடலுக்கு அடியில் கிடக்கின்றன.

இது பழங்கதையன்று. 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 6 அடி உயர்ந்தது; துறைமுகத்தில் நீர் வற்றியது; பல்லாயிரம் பேர் வீடிழந்து வெளியேறினர். 2005 முதல் நிலம் மீண்டும் உயர்ந்து வருகிறது. 2024, 2025 ஆண்டுகளில் நிலநடுக்கங்களும் வந்தன.

அதற்கும் முன்னரே, 1970இல், கடலோரக் குன்றின் மேலிருந்த ரியோனே தெர்ரா என்னும் பழைய குடியிருப்பு முழுவதும் காலி செய்யப்பட்டது. அம்மக்கள் மீண்டும் அங்கே குடியேறவில்லை. அவர்கள் வாழ்ந்த வீடுகளின் கீழே ரோமர் காலத்துத் தெருக்களும் கடைகளும் பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டன.