சொந்த ஊரில் மறுபிறவி எடுத்த ரிஸ்க் ஓஎஸ்!

ராஸ்பெர்ரி பை வாங்கும் பலரும் அதில் லினக்ஸைத்தான் ஏற்றுவார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த கம்ப்யூட்டரில், லினக்ஸுக்கு முன்பே பிறந்த இன்னோர் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஓடுகிறது. பெயர் ரிஸ்க் ஓஎஸ்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் வடிவமைத்த ஆர்ம் சிப் 1985-ல் உயிர்பெற்றது. இன்று உங்கள் செல்போனுக்குள் இருப்பதும் அதன் வாரிசுதான். அந்த சிப்புக்காகவே 1987-ல் வந்தது இந்த ஆபரேட்டிங் சிஸ்டம். அப்போது அதன் பெயர் ஆர்தர். 90-களின் இறுதியில் ஏகார்ன் சிதறிப்போனது. 2012-ல் அதே கேம்பிரிட்ஜிலிருந்து, ஆர்ம் சிப்போடு ராஸ்பெர்ரி பை வந்தது. ஆர்வலர்கள் விடுவார்களா? அதே ஆண்டில் ரிஸ்க் ஓஎஸ்ஸை அதில் ஓடவைத்துவிட்டார்கள்!

மெமரி கார்டில் பதிந்து சொருகினால், சில விநாடிகளில் திரை தயார். ஆனால், விண்டோஸ் பழகிய கைக்கு முதல் நாள் திண்டாட்டம்தான். மவுஸின் நடு பட்டனை அமுக்கினால்தான் மெனு வரும். ஃபைலைச் சேமிக்க, ஐகானை இழுத்துப்போய் ஃபோல்டரில் போட வேண்டும். ஒரு புரோகிராம் மக்கர் செய்தால் மொத்தமும் உறைந்துவிடலாம். பை-யில் வைஃபை வசதியே 2024-ல் வந்த 5.30 பதிப்பில்தான் கிடைத்தது.

இப்போது புதுச் சிக்கல். இது 32 பிட் சிஸ்டம். பை 5-ன் சிப்பிலோ, ஆபரேட்டிங் சிஸ்டம் 64 பிட்டில்தான் ஓட முடியும். 2018-லேயே ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஆனால், பெரும்பகுதி அசெம்பிளி மொழியில் இருக்கிறது. எழுதும் கைகளும் குறைவு. ஆசைப்படுபவர்கள் பை 4 அல்லது அதற்கு முந்தைய மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.