வலைக்கண்ணும் வாயிற்காப்பும்

காவல் என்பது குடிவாழ்வு தோன்றிய நாள்தொட்டு மக்களுடன் தொடர்ந்து வருவதொன்றாகும். மட்டக்களப்பு உழவர் கதிர் முற்றுங் காலத்தே வயலிற் பரண் அமைத்து இரவெல்லாம் விழித்திருந்தனர். கோயிலும் பண்டகசாலையும் தத்தமக்குரிய காவலாளரைப் பெற்றிருந்தன. அக்காவலாளர் தொழிலிற் பெரும்பகுதியை இன்று கமரா ஏற்றுள்ளது. மட்டக்களப்பு - கல்முனைப் பெருவீதியில் நாவற்குடாவைக் கடந்து செல்வோர் கடைவாயில்களிலும் வீட்டு முகப்புகளிலும் அதனைக் காணலாம். 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகிய பின்னர், இக்காவல் வேண்டுமென்ற எண்ணம் மேலும் வலுப்பெற்றது. ஆயின், பொருத்திய கண்ணுக்கு வாயில் ஒன்று உண்டென்பதையும், அதனைப் பூட்ட வேண்டியவர் தாமே என்பதையும் உரிமையாளர் பலர் எண்ணுவதில்லை. அவ்வாயிலூடே முறையாகப் புகுவது எங்ஙனம், பிறர் புகாது காப்பது எங்ஙனம் என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

முன்னைய கண்காணிப்புக் கமரா மூடிய சுற்றில் இயங்கியது. அதன் கம்பி கட்டடத்துள் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியுடன் முடிவுற்றது. ஆதலின் காட்சியைத் திருட விரும்புவோன் கட்டடத்துள்ளே வருதல் வேண்டும். 1996 இல் சுவீடன் நாட்டு அக்சிசு நிறுவனம் வலையமைப்பில் நேரே இணையும் கமராவை வெளியிட்டது. அன்று முதல் கமரா வெறும் கண்ணன்று. கண்ணுடைய சிறு கணினியாயிற்று. கணினிக்குரிய ஆற்றலுடன் கணினிக்குரிய கேடுகளும் அதனைச் சார்ந்தன.

வலைக்கமரா ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் இலக்கத்தொடர் ஒன்று உண்டு. வீட்டினுள் வழங்கும் முகவரிகள் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்குவன. அதே வலையமைப்பைச் சேர்ந்த கணினியின் உலாவியில் இம்முகவரியைப் பொறித்தால், கமராவோ, பல கமராக்களின் காட்சிகளைத் திரட்டி வைக்கும் பதிகருவியோ, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வினவும். இவை பொருந்தினாலன்றிக் காட்சி தோன்றாது. இதுவே புகுபதிகை எனப்படும். புகுவோர் கணக்குகளும் ஒரு தன்மையன அல்ல. நிருவாகி கணக்கை உடையவர் பதிவை அழிக்கவும் அமைப்பை மாற்றவும் வல்லவர். பார்வையாளர் கணக்கை உடையவர் காணமட்டுமே வல்லவர். கடையூழியருக்குப் பின்னையதே அமையும். அனைவரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தின், தவறு நேர்ந்தவிடத்துப் புகுந்தவர் யார் என்று துணிதல் இயலாது.

இனி, உரிமையாளர் கொழும்பிலோ இலண்டனிலோ இருந்து நாவற்குடாவிலுள்ள தம் வீட்டைக் காண விரும்பின் யாது செய்வது? வீட்டினுள் வழங்கும் முகவரி வெளியே செல்லாது. 'மூன்றாம் அறை' என்று மட்டும் எழுதிய கடிதம் எவ்வாறு வீடு வந்து சேராதோ, அவ்வாறே இதுவும். இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தியில் கமராவுக்கு நேர்வழி திறந்துவிடுதல். இது எளிது, ஆயின் அவ்வழி உலகத்தார் அனைவருக்கும் திறந்ததாகும். இரண்டாவது, உற்பத்தி நிறுவனத்தின் சேவைக் கணினி வாயிலாகக் கைத்தொலைபேசியிற் காணுதல். இங்கே காவல் நிறுவனத்தின் கையிலும் தங்கியுள்ளது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்க்கடா நிறுவனத்து நிருவாகி கணக்கொன்று பிறர் கைப்பட, ஏறத்தாழ 150,000 கமராக்களின் காட்சிகள் அவர்க்குப் புலனாயின. மூன்றாவது, மெய்நிகர் தனியார் வலையமைப்பை நிறுவி, மறைகுறியிட்ட வழியால் முதலில் வீட்டு வலையமைப்பிற் புகுந்து, பின்னர்க் கமராவை அடைதல். இதற்குச் சிறிது உழைப்பு வேண்டும். எனினும் மூன்றனுள்ளும் பாதுகாப்பு மிக்கது இதுவே.

'எம் சிற்றூர்க் கடையை யார் தேடப் போகின்றார்' என்பர் சிலர். தேடுவது மனிதன் அன்று, செய்நிரல். பழைய முறை ஐ.பி. முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. அவையனைத்தையும் ஒரு கணினி கொண்டு 45 நிமிடத்துக்குட் தட்டிப்பார்த்தல் கூடுமென 2013 இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். 2016 இல் பரவிய 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்கள் அறுபதளவினை மாத்திரம் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, இலட்சக்கணக்கான கமராக்களையும் பிற கருவிகளையும் வசப்படுத்திற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள் அவற்றுட் பல ஒருங்கே ஏவப்பட, அமெரிக்காவிற் பெரும் இணையத்தளங்கள் பல முடங்கின. கருவியின் உரிமையாளரோ தம் கமரா பகைவர் படையிற் சேர்ந்ததனை அறிந்திலர்.

இதனினும் நெஞ்சை வருத்துவது இந்தியாவில் நிகழ்ந்தது. 2025 பெப்ரவரியில், குசராத்து மாநில இராசகோட்டு நகரின் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றிற் பரிசோதனைக்குட்பட்ட பெண்களின் காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டமை வெளியாயிற்று. அக்கமராக்களைக் காத்திருந்த கடவுச்சொல் 'அட்மின்123' என்பது விசாரணையிற் புலனாயிற்றெனச் செய்தித்தாள்கள் எழுதின. காவலுக்கென வைத்த கண்ணே அப்பெண்களின் மானத்துக்குக் கேடாயிற்று. நோயாளியோ மாணவியோ அக்கடவுச்சொல்லைத் தெரிவு செய்தவர் அல்லர். ஆயினும் அதன் பயனை நுகர்ந்தவர் அவரே.

ஆகவே செய்யத்தக்கன சில. கருவியுடன் வந்த கடவுச்சொல்லை முதல்நாளிலேயே மாற்றுதல் வேண்டும். நான்கு இலக்கங்களால் அமைவது 10,000 வகைக்குள் அடங்கும். எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களால் அமைவது ஏறத்தாழ 20,882 கோடி வகைப்படும். நீளம் கூடுந்தோறும் இத்தொகை பெருகும். எனினும் பெயரும் பிறந்த ஆண்டுமாக அமைப்பின் இக்கணக்கு உதவாது. கடவுச்சொல் ஒன்றே போதியதுமன்று. 2017 இல், ஹிக்விசன் நிறுவனத்துக் கமராக்கள் சிலவற்றிற் கடவுச்சொல் இன்றியே புகத்தக்க குறை வெளிப்பட, நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. அதனை ஏற்றாத கருவி பூட்டிருந்தும் திறந்தே கிடந்தது. வழிப்படுத்தி தானே வழிதிறக்கும் வசதியை நிறுத்துதலும், கருவியின் கடிகாரத்தைச் சரியாக வைத்தலும் வேண்டும். நேரம் பிழைத்த பதிவு வழக்குமன்றில் ஐயத்துக்கு இடமாகும். உடைமாற்றும் அறை, மருத்துவப் பரிசோதனை அறை முதலியவற்றிற் கமரா வையாமையே சிறந்த காப்பு.

அயலாரின் கமராவிற் புகுதல் விளையாட்டன்று என்பதை மாணவர் சிறப்பாக உணர்தல் வேண்டும். இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையின்றிக் கணினியொன்றினுட் புகுதல் குற்றமாகும். கடவுச்சொல் எளிது என்பது புகுவதற்கு உரிமையாகாது. உற்பத்தியாளர் பொறுப்பும் இப்போது வற்புறுத்தப்படுகின்றது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதனை 2024 ஏப்பிரல் 29 முதல் ஐக்கிய இராச்சியச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும் ஏற்கெனவே சுவரில் ஏறியுள்ள கமராக்களுக்கு அச்சட்டம் துணையாகாது. அவற்றின் காப்பு உரிமையாளர் கையிலேயே உள்ளது. பிறர் முகத்தையும் நடமாட்டத்தையும் பதிவு செய்பவர், அப்பதிவைக் காக்குங் கடமையையும் உடன் ஏற்றவராவர். அக்கடமையின் முதற்படி, கடவுச்சொல்லை இன்றே மாற்றுதலாம்.