பச்சிலையும் பரீட்சையும்

விருதுநகரிலும் சிவகாசியிலும் ஜுரம் கண்டவுடன் நிலவேம்புக் கஷாயத்தை நாடும் குடும்பங்கள் அநேகம். 2012-ல் டெங்கு பரவியபோது சர்க்காரே அதை ஜனங்களுக்கு வழங்கியது. முன்னோர் கண்ட மருந்து என்ற பெருமை நமக்கும் உண்டு. ஆனால் மலேரியாக் கிருமியை அது ரத்தத்திலிருந்து ஒழிக்குமா என்ற கேள்விக்குப் பெருமை விடையாகாது.

சீனர் இத்தகைய கேள்விக்கு விடை தேடிய விதம் கவனிக்கத்தக்கது. 1969-ல் இப்பணியை ஏற்ற தூ யூயூ அம்மையார் பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டி, நூற்றுக்கணக்கான மூலிகைச் சாறுகளை மலேரியா கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நமது மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி ஒரு சமயம் பலித்தது. மறு சமயம் பொய்த்தது. 4-ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் எழிய நூலிலோ, அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்தும்படி கண்டிருந்தது, காய்ச்சும்படி இல்லை. சூடே குணத்தைக் கெடுக்கிறதென்று ஊகித்த அம்மையார், குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் சாறு எலிகளின் கிருமிகளை அடியோடு ஒழித்தது. மறு வருஷம் தாமும் சகாக்களும் முதலில் அருந்திப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2015-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. எதையும் எட்டிலொன்றாகச் சுண்டக் காய்ச்சியே பழகிய நாம் இதைச் சற்று யோசிக்கலாம்.

நம் நாட்டிலும் பரீட்சை நடவாமலில்லை. ஏழிலைப்பாலை முதலிய மூலிகைகள் சேர்ந்த ஆயுஷ்-64 மாத்திரையை, விவாக்ஸ் மலேரியா கண்டவர்களிடம் குளோரோகுயினுடன் ஒப்பிட்டனர். 2000-ல் முடிவு வெளியாயிற்று. குளோரோகுயின் உண்டவர் அனைவரும் குணமடைந்தனர். ஆயுஷ்-64 உண்டவரில் ஏறக்குறையப் பாதிப் பேரே 28-ஆம் நாளில் நோயற்றிருந்தனர். இதை எடுத்துச் சொல்வது தேசத்துக்கே இழுக்கு என்று எண்ணும் நண்பர்களும் உளர்! நாம் அவ்வாறு எண்ணவில்லை. சுதேசி மருந்தின் குறையை மறையாமல் அச்சிட்ட விஞ்ஞானிகளே அதற்கு மெய்யான ஊழியம் செய்தவர்கள்.

சிவகாசியில் வெடியுப்பையும் கந்தகத்தையும் நிறுத்தே கலக்கவேண்டும். அங்கே கைப்பிடிக் கணக்கு உயிருக்கு உலை வைக்கும். நோயாளியின் கஷாயத்துக்கு மட்டும் அது எப்படிப் போதும்? ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் பச்சிலைக்குப் பஞ்சமில்லை. ஜில்லாக் கல்லூரிகளில் ரசாயனமும் தாவர சாஸ்திரமும் கற்ற இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்கள் சாறெடுத்து, அளந்து, சோதித்து, வந்த முடிவை வந்தபடியே வெளியிடட்டும்.

அதுவரை, நடுக்கத்துடன் ஜுரம் கண்டவர் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தலாகாது. பால்சிபாரம் மலேரியா மூளையைத் தாக்கிச் சில தினங்களில் உயிரைக் குடிக்க வல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம், அன்றைக்கே செல்லவேண்டும்.