ஒரு பல் கூடினால்

ஹரியானா மாநிலத்தில் பானிப்பட் என்று ஓர் ஊர். கம்பளிக்கும் போர்வைக்கும் பேர் போன ஊர். அங்கே ஒரு போர்வை வியாபாரி. அவரிடம் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. வாரத்தில் நான்கு நாள் அதில் டில்லிக்குப் போய் வருவார். போக 90 கிலோமீட்டர். வர 90 கிலோமீட்டர்.

சாலை நல்ல அகலமான சாலை. ஒரே வேகத்தில் வெகு தூரம் போகலாம். அங்கேதான் அவருக்குத் தொல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் எஞ்சின் அலறும். கைப்பிடி நடுங்கும். டில்லி போய்ச் சேர்வதற்குள் விரல்கள் மரத்துப் போகும். டாப் கியரில்தான் போகிறார். அதற்கு மேல் கியர் இல்லை. என்ன செய்வது?

மெக்கானிக்கிடம் போனார். வடக்கே மெக்கானிக்கை "உஸ்தாத்" என்று மரியாதையாக அழைப்பார்கள்.

"உஸ்தாத், எஞ்சின் இப்படிக் கத்துகிறதே, ஏதாவது வழி உண்டா?"

"முன் பல் சக்கரத்தை மாற்றிவிடலாம், சேட்ஜி" என்றார் அவர்.

பல் சக்கரம் என்றால் என்ன? உங்கள் சைக்கிளைப் பாருங்கள். மிதிக்கும் இடத்தில் பல் வைத்த பெரிய வட்டம் இருக்கிறது. பின் சக்கரத்தில் சிறிய வட்டம் இருக்கிறது. இரண்டையும் செயின் இணைக்கிறது. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை மிதித்தால் பின் சக்கரம் மூன்று முறை சுற்றும்.

மோட்டார் சைக்கிளில் இது தலைகீழ். எஞ்சின் பக்கம் சின்ன பல் சக்கரம். பின்னால் பெரியது. ஏன் அப்படி? கால் மெதுவாக மிதிக்கும். எஞ்சினோ மிக வேகமாகச் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்து, இழுக்கும் பலமாக மாற்றித்தான் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வியாபாரியின் வண்டியில் முன்னால் 14 பல். பின்னால் 42 பல். 42ஐ 14ஆல் வகுத்துப் பாருங்கள். 3 வரும். முன் பல் சக்கரம் 3 முறை சுற்றினால் வண்டியின் சக்கரம் 1 முறை சுற்றும்.

முன்னால் 15 பல் போட்டால்? 42ஐ 15ஆல் வகுத்தால் 2.8. அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றிய எஞ்சின், இனி 5,600 சுற்றுதான் சுற்றும். நிமிடத்துக்கு 400 சுற்று மிச்சம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? நோட்டில் போட்டுப் பாருங்கள். 24,000 வர வேண்டும்.

பின்னால் பல்லைக் குறைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் முன்னால் ஒரு பல் கூட்டுவது, பின்னால் ஏறக்குறைய மூன்று பல் குறைப்பதற்குச் சமம். முன் பல் சக்கரம் சின்னது, விலையும் குறைவு. அதனால் பெரும்பாலும் அதையே மாற்றுகிறார்கள்.

நம் வியாபாரிக்கு ஆசை கூடிவிட்டது. "15 எதற்கு, 16 போடுங்கள்" என்றார். போட்டார்கள். சமதளத்தில் எஞ்சின் சத்தம் நன்றாக அடங்கியது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த மாதம் மனைவியை ஏற்றிக்கொண்டு சிம்லாவுக்குக் கிளம்பினார். பின்னால் ஒரு போர்வை மூட்டை. கால்கா தாண்டியதும் மலை ஏற்றம். வண்டி திணறியது. மூன்றாவது கியர் இழுக்கவில்லை. இரண்டாவதற்கு வந்தார். ஒரு வளைவு தாண்டியதும் முன்னால் லாரி ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. முந்திவிடலாம் என்று வலப்பக்கம் எடுத்தார். வண்டிக்கு வேகம் வரவில்லை. எதிரே பஸ் வந்துவிட்டது. பின்வாங்கி லாரிக்குப் பின்னால் ஒதுங்குவதற்குள் இருவருக்கும் உயிர் போய் வந்தது.

கணக்கு சரியாகத்தானே இருந்தது? ஆம். ஆனால் கணக்கின் மறுபாதியை அவர் பார்க்கவில்லை. எஞ்சின் சுற்று எவ்வளவு குறைகிறதோ, சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவையும் அவ்வளவு குறையும். 16 பல்லுக்கு இந்தக் குறைவு நூற்றுக்குப் பன்னிரண்டரை. சின்ன எஞ்சினுக்கு இது பெரிய இழப்பு. மலைப்பகுதியில் சுமை ஏற்றுகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வதும் உண்டு. முன்னால் பல்லைக் குறைப்பார்கள், அல்லது பின்னால் கூட்டுவார்கள்.

பெட்ரோல் மிச்சமாகுமா? சமதளத்தில், ஒரே சீராக ஓட்டினால் கொஞ்சம் மிச்சமாகலாம். எதிர்க்காற்று அடித்தாலோ சுமை இருந்தாலோ ஆக்சிலேட்டரை அதிகம் திருக வேண்டும். மிச்சமானது அதிலேயே போய்விடும். டாப் கியரில் எஞ்சின் தடதடவென்று உதறினால் உடனே கியரைக் குறைக்க வேண்டும். பிடிவாதமாக ஓட்டினால் எஞ்சினுக்குக் கேடு. வண்டியின் உச்ச வேகம் கூடும் என்றும் நம்ப வேண்டாம். சின்ன வண்டிகளில் அது குறைவதும் உண்டு.

ஊர் திரும்பியதும் உஸ்தாத் 16ஐக் கழற்றி 15 போட்டார். முன்னால் பெரிய பல் சக்கரம் போடும்போது அது மூடியில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் கூடினால் பின் சக்கரம் கொஞ்சம் முன்னால் நகர வேண்டும். சுமார் 3 மில்லிமீட்டர். அதற்கு இடம் இல்லையென்றால் செயினின் நீளத்தைக் கூட்ட வேண்டும். தேய்ந்த செயினில் புதுப் பல் சக்கரம் போட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் செயின் தேய்ந்து செட்டாக மாற்றும் சமயமே இதற்கு நல்ல சமயம்.

சில புதிய வண்டிகளில் வேகம் காட்டும் மீட்டருக்குக் கணக்கு கியர்பெட்டியிலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட வண்டியில் முன் பல் கூடினால் மீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டரில் 56 என்று இருக்கும், வண்டி 60ல் போகும். வளைவில் இது ஆபத்து. முன் சக்கரத்திலிருந்து கேபிள் போகும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. புது வண்டியென்றால் உத்தரவாதம் என்னவாகும் என்றும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பல் எண்ணும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு எண்ணுங்கள். ஓடும் செயினைத் துணியால் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு.

வியாபாரி இப்போது 15 பல்லில் ஓட்டுகிறார். கை முன்போல மரத்துப் போவதில்லை. பழைய 14 பல் சக்கரத்துக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் மூட்டை அதிகம் ஏறும். அப்போது அதை உஸ்தாதிடம் எடுத்துப் போவார்.