தேநீரும் ஊர்நீரும்

மலைநாட்டிற் பணியாற்றும் ஆசிரியரோ உத்தியோகத்தரோ விடுமுறைக்கு யாழ்ப்பாணம் திரும்புங்கால், நல்ல தேயிலைப் பொதியொன்று கொண்டுவருதல் நெடுநாள் வழக்கம். நுவரெலியாவிலோ பதுளையிலோ அருந்தியபொழுது பொன்னிறமும் நறுமணமும் பெற்று விளங்கிய தேநீர், ஊர்க்கிணற்று நீரில் ஊற்றப்பெற்றதும் கறுத்து மங்கி, மேலே மெல்லிய ஏடு படர்ந்து நிற்கும். உடனே பழி தேயிலை விற்ற கடைக்காரன்மேற் செல்லும். அன்றேல் அடுப்படியில் நின்றவர்மேற் செல்லும். இருவரும் குற்றமற்றவர். இலையும் அதுவே, ஊற்றிய முறையும் பெரும்பாலும் அதுவே. மாறியது நீர் ஒன்றே. நல்ல தேநீர் யாது என்னும் வினாவுக்கு இலையை மட்டும் நோக்கி விடையிறுப்போர் பலர். கோப்பையிலுள்ள பொருளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

இலையின் சிறப்பும் சிறிதன்று. ஓர் அரும்பும் அதனை அடுத்த இரண்டு இளந்தளிர்களுமே நற்கொழுந்தெனப்படும். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்தபின் சூடேற்றி உலர்த்துவர். காற்றுப்பட வைக்கும் நிலையைத் தோட்டங்களில் நொதித்தல் என்று வழங்கினும், உண்மையில் அங்கு நிகழ்வது ஒட்சியேற்றமே. உருட்டலில் நசுங்கிய இலையின் நொதியங்கள் அதிலுள்ள பொலிபீனோல்களை மாற்றி, செம்பொன் ஒளி தரும் தியபிளேவின்களையும் செங்கபில நிறந்தரும் தியறுபிகின்களையும் ஆக்குகின்றன. இவற்றுள் முன்னையவை மிகுந்தால் தேநீர் துலங்கும். நாவிலே விறுவிறுப்புத் தோன்றும். பின்னையவை மிகுந்தால் சாயம் கூடும். உலர்ந்த தேயிலையைச் சலித்துப் பெருவெட்டு, நொறுங்கல், தூள் எனப் பிரிப்பர். இது துணிக்கையின் பருமனைக் குறிக்கும் பாகுபாடேயன்றித் தரத்தைக் குறிப்பதன்று. எனினும் தூள் விரைவிற் சாயம் இறக்கும், சிறிதளவே போதும். ஆதலால் அது சிக்கனமானது.

இலங்கைத் தேயிலையை விளையும் உயரம் கொண்டு வகுத்தல் மரபு. 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. 2,000 அடிக்கும் அதற்கும் இடைப்பட்டது நடுநிலம். 2,000 அடிக்குக் கீழ்ப்பட்டது தாழ்நிலம். நுவரெலியாத் தேயிலை வெளிறிய நிறமும் மென்மணமும் உடையது. ஊவாப் பகுதியில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசுங்காலத்துப் பறிக்கும் கொழுந்து தனியொரு மணமுடையது. நீர் வறண்டு செடி வாடும் அக்காலத்தில் இலையினுள் மணப்பொருள்கள் மிகுதலே இதற்குக் காரணம். டிம்புலவின் நற்பருவமோ ஆண்டின் தொடக்க மாதங்கள். தெற்கே தாழ்நிலத் தேயிலைக்கு இத்தகைய நறுமணம் இல்லை. கருஞ்சாயமும் திண்மையும் உண்டு. மேற்காசிய நாட்டினர் அதனையே விரும்பி வாங்குகின்றனர். மணமில்லாதது தாழ்ந்தது என்பார் அவரிடஞ் சென்று வாதிடட்டும்.

1867இல் யேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளில் கோப்பிச்செடிகளை இலைத்துரு நோய் பற்றி அழிக்கத் தொடங்கவே, கோப்பிக் காடுகள் தேயிலைத் தோட்டங்களாயின. 1883இற் கொழும்பிலே பொது ஏலவிற்பனை தொடங்கியது. அன்றுதொட்டு இன்றுவரை விளைவின் மிகப் பெரும்பகுதி கப்பலேறுவதே. தமிழ்நாட்டிலிருந்து வந்து இக்குன்றுகளைப் பசுமையாக்கிய தொழிலாளர் தம் லயங்களிற் பருகியது, தாம் பறித்த கொழுந்தின் நறுமணத் தேநீரன்று. தூளிலே இறக்கிய சாயத்தண்ணியே. உலகம் வியக்கும் மணத்தை ஆக்கியவர் அம்மணத்தை அறியாதிருந்தனர் என்பது தேயிலை வரலாற்றிற் பெருமைக்குரிய செய்தியன்று. உள்நாட்டுச் சுவை தூளையும் சர்க்கரையையும் சார்ந்து வளர்ந்தமைக்கு நாவின் குறை காரணமன்று. நாவுக்கு எட்டியது அதுவே.

தேநீர் ஊற்றும் முறைக்கு விதி வகுத்தோரும் உளர். ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையொன்றிற் பதினொரு விதிகளை வகுத்தார். இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோ வேண்டும். சாயம் திண்மையாயிருத்தல் வேண்டும். தேநீரை முதலில் வார்த்துப் பின்னரே பால் விடல் வேண்டும். சர்க்கரை ஆகாது என்பன அவற்றுட் சில. பிரித்தானியாவிற் தேயிலை பங்கீட்டு முறையிற் கிடைத்த காலம் அது. அரிதாய்க் கிடைத்த பொருளைச் சிறிதும் வீணாக்கலாகாது என்னும் கவலை அவ்விதிகளின் பின்னே நிற்கின்றது. 2003இல் அவருடைய நூற்றாண்டின்போது பிரித்தானிய இரசாயனக் கழகம் பாலையே முதலில் விடல் வேண்டும் என்று அறிவித்தது. சூடான தேநீரிற் சிறிது சிறிதாகப் பால் விழுங்கால் அதன் புரதம் வெப்பத்தால் இயல்பு திரியும் என்பது அக்கழகம் காட்டிய காரணம். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

சுவைஞர் கைக்கொள்ளும் அளவோ வேறு. 1980இல் வெளியான அனைத்துலக நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை எனவும், ஊறுங்காலம் 6 நிமிடம் எனவும் வரையறுக்கின்றது. இஃது இன்சுவைத் தேநீர் ஆக்கும் முறையன்று. பல தேயிலைகளை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடும் முறை. அதிலும் கருதத்தக்க குறிப்பு ஒன்றுண்டு: சோதிக்கும் நீர், அத்தேயிலை பருகப்பெறும் ஊரின் குடிநீரை ஒத்திருத்தல் வேண்டும் என்பது. பிரித்தானிய வணிகரும் வன்னீர் ஊர்களுக்கு வேறாகவும் மென்னீர் ஊர்களுக்கு வேறாகவும் தேயிலை கலந்து விற்றனர். யாழ்ப்பாணத்தார் இதுவரை சிந்தியாததை அவ்வணிகர் ஆதாயங் கருதிச் சிந்தித்தனர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறைமீது கிடப்பது. மழைநீர் அப்பாறையூடு இறங்குங்கால் கல்சியம் இருகாபனேற்றைக் கரைத்துக்கொண்டு கிணற்றிற் சேரும். கேத்திலின் உட்புறத்தில் வெண்பொருக்காகப் படிவது இதுவே. மலைநாட்டு ஊற்றுக்களோ பளிங்குருப் பாறைகளிடையே ஓடி வருவன, அவை மென்னீர். வன்னீரிற் தேயிலையின் நிறப்பொருள் கறுக்கும்; துலக்கமும் விறுவிறுப்பும் அடங்கும். மேலே படரும் ஏட்டைப் பலர் தேயிலையின் கலப்படம் என்றோ பாத்திரத்தின் அழுக்கு என்றோ எண்ணுவர். இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 1993இல் இதனை ஆராய்ந்து, நீரிற் கல்சியமும் இருகாபனேற்றும் ஒருங்கே இருந்தாலே ஏடு தோன்றும் எனவும், அமிலம் சேர்ந்தால் அது தோன்றாது எனவும் காட்டினர். வெறுந்தேநீரிற் சில துளி தேசிக்காய்ச்சாறு விட்டதும் நிறம் வெளுத்துத் தெளிதலை அடுப்படியிற் பலரும் கண்டிருப்பர்.

மலைநாட்டுக்கும் ஒரு குறை உண்டு. உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திற் கொதிக்கும். நுவரெலியாவில் அது ஏறக்குறைய 94 பாகைச் சதமவளவையிற் கொதித்துவிடும். யாழ்ப்பாணத்தில் 100 பாகை. ஆகவே மென்னீருடையார்க்கு முழு வெப்பம் இல்லை; முழு வெப்பமுடையார்க்கு மென்னீர் இல்லை. அங்கே சாயம் இறங்கச் சற்றுக் கூடிய நேரம் வேண்டும். மீண்டுங் கொதிக்கவைத்த நீரிற் காற்று நீங்கிவிடுதலால் தேநீர் சப்பென்றிருக்கும் என்று முதியோர் கூறுவதுண்டு. முதற் கொதியிலேயே காற்றிற் பெரும்பகுதி நீங்கிவிடும் ஆதலின், அக்காரணம் பொருந்துவதாய் இல்லை.

இனி, சுவை வேறுபாட்டை நோக்குமிடத்து, ஊரார் தாமறியாமலே நீருக்கேற்ற வழியைக் கண்டிருத்தல் புலனாகும். மென்மணத் தேயிலை வன்னீரில் அழியும். திண்மையான சாயமோ அவ்வளவு கெடாது. பாலும் சர்க்கரையும் தாங்கி நிற்கும். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளைப் பற்றி அடக்கும். தேநீர்க்கடையில் ரின்பால் விட்டு உயர்த்தி ஆற்றித் தரும் கடுஞ்சாயத் தேநீரை நாகரிகமற்றதென்று இகழ்வார், அந்நீருக்கு அதனினும் பொருத்தமானதொன்றைக் கூறல் அரிது. வெறுந்தேநீரைப் பனங்கட்டி கடித்துப் பருகுதலும் அத்தகையதே. முறுக்கு முறுக்காய் மிடறு தோறும் துவர்ப்பும் இனிப்பும் மாறி வருவதால், கலந்து குடிப்பதிற் காணாத சுவையை அது தரும். ஒன்றை மட்டும் தவறென்று துணிந்து கூறலாம். சாயம் போதாதென்று அதே இலையை நெடுநேரம் ஊறவிடுதலும், அடுப்பில் வைத்துக் காய்ச்சுதலும் கசப்பையே மிகுவிக்கும். சாயம் வேண்டுமாயின் இலையைக் கூட்டுக, நேரத்தைக் கூட்டற்க.

உயர்நிலத் தேயிலையை ஊரிலும் அதன் இயல்பிற் பருக விரும்புவார்க்கு ஐப்பசி, கார்த்திகை மாரி உதவும். கூரை கழுவிய முதல் மழையை ஓடவிட்டு, அடுத்துவரும் நீரைத் தூய கலத்தில் ஏந்தி, நன்கு கொதிக்கவைத்து ஒரு கோப்பையும், கிணற்று நீரில் ஒரு கோப்பையும் ஒரே அளவு தேயிலையில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்து, பால் விடாமல் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதற் கோப்பையில் அடித்தளம் தெரியும்.