‘மிகாமல்’ என்ற ஒரு சொல்

சுற்றறிக்கைகளைக் கோப்பில் கோத்து வைப்பதே தொழிலாகக் கொண்டவன் நான். ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் ஒன்றைக் கண்டு வருகிறேன்: எழுதுகிறவர் மேசையில் ஓர் உத்தரவுக்கு ஒரு பொருள், அதை நிறைவேற்றுகிறவர் கையில் வேறொரு பொருள். பள்ளிக்கூடத்திலும் அப்படியே என்பதைக் கொரோனாக் காலத்தில் அறிந்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலை 14ஆம் நாள் மத்திய அரசு ‘பிரக்யாதா’ என்னும் பெயரில் இணையவழிக் கல்விக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, நாளொன்றுக்கு இரண்டு பாடவேளைக்கு மிகாமல், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் நடத்தலாம் என்பது அதில் ஒரு விதி. எந்த வீட்டில் கணினி உண்டு, எங்கே கைப்பேசி மட்டும், எங்கே எதுவுமே இல்லை என்று முதலில் கணக்கெடுக்கவேண்டும் என்றும் அது கூறியது.

எங்கள் குடியிருப்பில் அடுத்த வீட்டுச் சிறுவன் பயின்ற பள்ளி, ‘மிகாமல்’ என்பதைக் ‘குறையாமல்’ என்று வாசித்தது போலும்! நாள்தோறும் இரு வேளையும் முழு நாற்பத்தைந்து நிமிடம் நடந்தது. அதற்கு மேலும் ஒரு மணி நேரம் ‘செயல்முறைப் பயிற்சி’. பெயரை மாற்றிவிட்டால் கணக்கில் வராது அல்லவா? எங்கள் அலுவலகத்திலும் இந்தச் சாமர்த்தியம் உண்டு.

என் மகள் அப்போது மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவளுடைய ஆசிரியை கணக்கெடுப்பு என்ற பகுதியைத்தான் பெரிதாகக் கொண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். கைப்பேசி உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. அது யார் சட்டைப்பையில், எத்தனை மணி வரை இருக்கிறது என்றும் கேட்டார்.

எங்கள் வீட்டுக் கைப்பேசி என் சட்டைப்பையில் இருந்தது. ஜூன் 15 முதல் அத்தியாவசியப் பணியாளருக்காகப் புறநகர் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. நான் பணிக்குப் போனால் அதுவும் கூடவே வந்துவிடும்.

“எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள், சார்?”

“ஏழரை ஆகும், டீச்சர்.”

“அப்படியானால் எட்டு மணிக்கு வைத்துக்கொள்கிறேன். உங்களைப் போலவே பலரும் சொல்கிறார்கள்.”

இரவு எட்டு மணிக்கு அரை மணி நேர வகுப்பு. மற்றப் பாடங்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும். ஊருக்குத் திரும்பிவிட்ட குடும்பங்களின் குழந்தைகளைச் சனிக்கிழமைதோறும் சாதாரண அழைப்பில் கூப்பிட்டு, வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இரவு வகுப்பைக் குறிக்க மேலிடத்துப் படிவத்தில் கட்டம் இல்லை. ‘இதர பணிகள்’ என்ற இடத்தில் எழுதினாராம். அந்நேரம் அவர் வீட்டில் அடுப்பைக் கவனித்தது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வண்டி தாமதித்தும், மேற்பணி நேர்ந்தும் நான் ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்த நாள்கள் பல. அன்றெல்லாம் மகள் ஸ்லேட்டுடன் வாசலிலேயே உறங்கியிருப்பாள்.

2021 டிசம்பர் 15 அன்று மும்பையில் தொடக்க வகுப்புகள் திறந்தன. சம்மதக் கடிதம் கொடுக்கச் சென்றபோது அந்த நோட்டு மேசைமேல் விரித்தபடி இருந்தது. வந்த பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ஆசிரியை குறியிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெயர்களுக்கு எதிரே குறி இல்லை. அவற்றின் அருகே பழைய எண் அடிக்கப்பட்டு, புதிய எண். அதுவும் அடிக்கப்பட்டு, இன்னொன்று.

“இதில் இன்று மாலை கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்” என்றார்.