ஓட்டுக்குக் கீழே ஏர்கோன்

ஜொகூரின் யோங் பெங் ஊரில் தாமான் ஒன்றில் பிற்பகல் 2 மணிக்கு சீலிங் பலகையை நகர்த்தி மேலே தலையை நீட்டினால், அனல் முகத்தில் அறையும். வெளியே 33 டிகிரி என்றால், ஓட்டுக்கு அடியில் வெயில் நேரத்தில் 45, 50 என்று ஏறுவது சாதாரணம். தண்ணீர்த் தொட்டி, ஒயர், எலிப்புழுக்கை எல்லாம் கிடக்கும் அந்த இடத்தில்தான் சில பங்களாக்களிலும் கடைவீடுகளிலும் கேசட் அல்லது டக்ட் வகை ஏர்கோனின் உள்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மற்ற வீடுகளில் ஸ்ப்ளிட் ஏர்கோன் சுவரோடு நிற்கிறது. அதன் செப்புக் குழாய் மட்டும் சில இடங்களில் சீலிங்குக்கு மேலே ஓடும்.

தரையை நம்ப முடியாத ஊர் இது. 2023 மார்ச்சில் பத்து பகாட் மாவட்டத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் நின்றது; யோங் பெங்கும் தப்பவில்லை. வெள்ளம் பார்த்த வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு.

உள்பெட்டியை ஏற்றலாம். கம்ப்ரஸர் இருக்கும் வெளிப்பெட்டியைக் கூரைக்குள் வைக்கவே கூடாது. வீட்டின் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அடைபட்ட இடத்தில் வைத்தால், தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துத் திணறும். கரண்ட் பில் ஏறும், கடைசியில் தானாக நின்றும் போகும். வெள்ளத்துக்குப் பயந்தால், வெளிச் சுவரில் பிராக்கெட் அடித்து உயரத்தில் மாட்டுவதே வழி. அப்போதும் சர்வீஸ் ஆள் ஏணி வைத்து எட்டும்படி இருக்க வேண்டும்.

கூரைக்குள் போன உள்பெட்டிக்கு வெயிலைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். இங்கே 32 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் வியர்க்கும். டக்டுக்குள் ஓடும் காற்றோ 13, 14 டிகிரி. குழாயைச் சுற்றிய கறுப்பு ஃபோம் ஒரு விரற்கடை கிழிந்திருந்தால் போதும், அங்கே சொட்டத் தொடங்கும். சீலிங்கில் முதலில் காசளவு பழுப்பு வளையம் தெரியும். ஓடு ஒழுகுகிறது என்று எண்ணி ஓட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. மழையே பெய்யாத வாரத்திலும் வளையம் பெரிதாகிறது என்றால், பார்க்க வேண்டியது ஏர்கோனைத்தான்.

1 குதிரைத்திறன் ஏர்கோன் ஈரமான காற்றிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் பிரிக்கும். அது வடியும் குழாய் மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் பாசி படிந்து அடைக்கும். கேசட் வகையில் தண்ணீரை ஏற்றித் தள்ள ஒரு குட்டி பம்ப் இருக்கிறது. அது நின்றால் கதை முடிந்தது.

கூரையடியில் ஏர்கோன் வைப்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சர்வசாதாரணம். அதனால் அங்கே விதியும் கறார். சொட்டினால் வீடு கெடும் இடமாக இருந்தால் பெட்டிக்குக் கீழே இரண்டாவது தட்டு வைக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பினால் மெஷினை நிறுத்தும் மிதவை சுவிட்ச் வேண்டும். ஏறும் வாசல் குறைந்தது 20-க்கு 30 அங்குலம். நடக்கப் பலகைத் தளம், வேலை செய்ய விளக்கு, பிளக். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக இல்லை. டக்டில் உள்ள இடுக்கு, ஓட்டை வழியே குளிர்ந்த காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வீணாகிறது என்று அமெரிக்க அரசின் மின்சேமிப்புத் திட்டமான எனர்ஜி ஸ்டாரே சொல்கிறது. அந்தக் குளிர் போய்ச் சேருவது எலிக்கு.

எலி என்றது வேடிக்கைக்கு அல்ல. யோங் பெங்கைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டம்; எலிக்குப் பஞ்சமில்லை, முசாங்கும் கூரைக்குள் வந்து குடியேறும். ஃபோமைக் கொறிக்கும், ஒயரைக் கடிக்கும். ஓட்டு விளிம்பு இடைவெளியை வலையால் அடைக்காமல் மெஷினை மட்டும் சர்வீஸ் செய்வது வீண் செலவு.

ஃபில்டரைக் கழுவுவதை வீட்டுக்காரரே செய்யலாம். தட்டு, வடிகுழாய், பம்ப் மூன்றையும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் காலையிலேயே. மதியம் மேலே ஏறும் தொழிலாளி வெக்கையில் அரைகுறையாக முடித்துவிட்டு இறங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ரெனவேஷன் செய்யும்போது பிளாஸ்டர் சீலிங்கை வழவழவென்று மூடிவிடச் சொல்லும் வீட்டுக்காரர், பெட்டிக்கு நேர் கீழே ஒரு கதவு விடச் சொல்வதில்லை. கொட்டேஷனில் மிதவை சுவிட்சும் இருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிவிடலாம்.